தொராசூ துரைசாமியா, இல்லையா?

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
காலையிலிருந்து ஒரே படம் நான்கு குழுக்களில் வந்துவிட்டது. நீல ஜெர்சியில் பிரான்ஸ் கால்பந்து அணியின் முன்னாள் ஆட்டக்காரர் விகாஷ் தொராசூ. கீழே கொட்டை எழுத்தில் "உலகக் கோப்பையில் ஆடிய முதல் புதுச்சேரித் தமிழர், பெருமையோடு பகிருங்கள்". பார்த்ததும் வயிறு எரிந்தது. அவர் பிறந்தது 1973-ல், பிரான்ஸில், லெ ஆவ்ர் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான ஆர்ஃப்ளரில். குடும்பம் மொரிஷியஸிலிருந்து போனது. அதற்கு முந்தைய வேர் தெலுங்கு. இதில் புதுச்சேரி எங்கே வந்தது, தமிழர் எங்கே வந்தார்? ஒருவர் பாடுபட்டு எடுத்த பெயரை இப்படியா களவாடுவது?

உப்பளம் ஆறாம் நம்பர்:
களவு, கிளவு என்று பெரிய வார்த்தை பேசாதீர்கள். பெயரைப் பாருங்கள். தொராசூ. துரைசாமிதான் தேய்ந்து தொராசூ ஆகியிருக்கிறது. வெள்ளைக்காரன் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினான். எங்கள் தெருவிலேயே மூன்று துரைசாமி இருக்கிறார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 22 வருடம் புதுச்சேரி உப்பளம் மண்ணில் பந்து உதைத்தவன் நான், ஆட்டக்காரர்களைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
22 வருடம் பந்து உதைத்தால் பெயராய்வு வந்துவிடுமா? தெலுங்கிலும் 'தொர' என்றால் துரைதான். உங்கள் சாட்சி அங்கேயே படுத்துவிட்டது.

முத்தியால்பேட்டை மாமா:
ஒரு சின்னச் சந்தேகம். தலைப்பில் 'குடியேறிய வீரர்' என்றும் ஒருவர் போட்டிருக்கிறார். அவரே பிரான்ஸில் பிறந்தவர் என்றால் குடியேறியது அப்பா அம்மாதானே? முதலில் யாரைக் குடியேறியவர் என்கிறோம், யாரை நம்மவர் என்கிறோம் என்று பேசிக்கொண்டால்...

உப்பளம் ஆறாம் நம்பர்:
மாமா, அதெல்லாம் அப்புறம். துரைசாமி என்ற பெயர் தமிழா இல்லையா? அதற்கு மட்டும் பதில் வரட்டும்.

சொல்தா வீட்டுப் பேரன்:
பாரிஸ் பக்கம் சார்செலிலிருந்து எழுதுகிறேன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய குடும்பப் பதிவேடு என் கையில் இருக்கிறது. சிவந்துபோன அட்டை, ஓரமெல்லாம் கரையான் தின்றது. அதில் கொள்ளுத்தாத்தா பெயரும் துரைசாமிதான். ஆனால் எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? பிரெஞ்சுக்காரன் 'உ' சத்தத்துக்கு ஓவும் யுவும் சேர்த்துப் போடுவான், கடைசியில் சாமி முழுசாக இருக்கும். தொராசூ பெயரின் கடைசியில் இரண்டு ஓ வருகிறது. அது ஆங்கிலேயன் எழுதும் முறை. மொரிஷியஸ் 1810-லேயே ஆங்கிலேயன் கைக்குப் போய்விட்டது. அந்தப் பெயரை எழுதிய குமாஸ்தா புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் இல்லை ஐயா.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
அப்படிப் போடுங்கள்! இதற்கு என்ன சொல்லப்போகிறார் ஆறாம் நம்பர்?

உப்பளம் ஆறாம் நம்பர்:
சொல்கிறேன். எழுதியவன் யாராக இருந்தால் என்ன, எழுதப்பட்ட ஆள் யார்? துரைசாமி. பதினெட்டாம் நூற்றாண்டில் மொரிஷியஸ் பிரெஞ்சுக்காரனிடம் இருந்தபோது ஆளுநர் லபோர்தொன்னே அங்கே கட்டடம் எழுப்பப் புதுச்சேரியிலிருந்துதான் கொத்தனாரும் தச்சனும் கப்பல் ஏறினார்கள். இது வரலாறு. அதில் ஒரு துரைசாமி போயிருக்க மாட்டாரா?

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
"போயிருக்க மாட்டாரா" என்பது வரலாறா? போனவர்களில் இவருடைய முப்பாட்டன் இருந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் காட்டுங்கள். 1834-க்கு அப்புறம் லட்சக்கணக்கில் கூலி ஒப்பந்தத்தில் போனார்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய் என்று எல்லாத் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். தெலுங்கர்கள் கோதாவரிக் கழிமுகத்துக் கொரிங்காத் துறையிலிருந்து ஏறியதால் மொரிஷியஸில் அவர்களுக்குக் கொரிங்கா என்றே பெயர். கோதாவரி எங்கே, உங்கள் உப்பளம் எங்கே?

உப்பளம் ஆறாம் நம்பர்:
இப்போது நீங்களே வந்து மாட்டிக்கொண்டீர்கள் தம்பி! கொரிங்கா எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? ஏனாமுக்குப் பக்கத்தில். ஏனாம் எந்த மாநிலம்? புதுச்சேரி! தெலுங்கராகவே இருக்கட்டும், ஏனாம் தெலுங்கராக இருந்தால் அவர் புதுச்சேரிக்காரர்தான். படத்தில் போட்டிருப்பது சரி.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
படத்தில் "புதுச்சேரித் தமிழர்" என்று போட்டிருக்கிறது. நேற்று ராத்திரி வரை துரைசாமி, இன்று தெலுங்கர். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் ஐயா. பக்கத்து ஊர்த் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஏனாம்காரர் ஆகிவிடுவாரா? நான் சென்னை விமான நிலையத்தில் ஏறினால் மீனம்பாக்கத்துக்காரன் ஆகிவிடுவேனா?

உப்பளம் ஆறாம் நம்பர்:
நான் எங்கேயும் மாறவில்லை. துரைசாமி துரைசாமிதான். ஏனாம் என்பது கூடுதல் சாட்சி.

கோரிமேடு பாஸ்:
இவ்வளவு நேரமாக ஒருவராவது அவர் எப்படி ஆடினார் என்று பேசினீர்களா? லெ ஆவ்ர் கிளப்பில் தொடங்கினார். லியோனில் 2003, 2004 இரண்டு வருடமும் லீக் பட்டம். நடுவே பொர்தோவுக்கு இரவலாகப் போய் 2002-ல் லீக் கோப்பை. அப்புறம் இத்தாலியின் ஏசி மிலான். அங்கிருந்து பாரிஸ் சென்-ஜெர்மெய்ன். 2006 ஏப்ரலில் மார்செய்க்கு எதிரான பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டம். பெனால்டி பெட்டிக்கு வெளியே வெகு தூரத்திலிருந்து ஒரு அடி. வலைக்குள் போன அந்தப் பந்துதான் இரண்டாவது கோல், ஆட்டம் 2-1 என்று முடிந்தபோது அதுவே வெற்றி கோல். ஐந்தரை அடி உயரத்து ஆள், மார்செய் எதிரணி, நிறைந்த மைதானம். அதை விட்டுவிட்டுத் துரைசாமியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
மிலானில் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். லீக்கில் 12 ஆட்டம். 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கடைசிவரை பெஞ்சுதான். மூன்று கோல் முன்னிலையை லிவர்பூலிடம் விட்டபோதும் அவரை இறக்கவில்லை.

கோரிமேடு பாஸ்:
பெஞ்சில் உட்கார்ந்தது அவமானமா? அதே பெஞ்சில் ருய் கோஸ்டாவும் இருந்தார்! அந்த மிலானில் நடுக்களத்தில் யார் யார் என்று தெரியுமா உங்களுக்கு? பிர்லோ, காக்கா, செடோர்ஃப், கட்டுசோ. அந்த அணிக்குள் காலடி வைத்த இந்திய வம்சாவளி ஆள் வேறு யார், ஒருவரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சொல்தா வீட்டுப் பேரன்:
பிரான்ஸ் அணிக்கு 18 ஆட்டம். 2006 உலகக் கோப்பையில் இரண்டே முறை, சுவிட்சர்லாந்துக்கும் தென் கொரியாவுக்கும் எதிராக, கடைசி சில நிமிடங்கள். அப்புறம் பெர்லின் இறுதிவரை பெஞ்சு. இளையோர் அணியில் இருந்தபோது அவரைப் பயிற்றுவித்த அதே தொமெனெக்தான் அப்போது தேசியப் பயிற்சியாளர். அதனால் அந்த வலி அதிகம். ஓட்டல் அறையில் சூப்பர் எட்டு என்கிற சின்ன ஃபிலிம் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கும் நாட்களைத் தானே படம் பிடித்தார். ஜன்னல், வெறும் படுக்கை, காலியான தாழ்வாரம். அது பின்னால் ஆவணப்படமாக வந்தது. நான் இங்கே வந்த முதல் வருடம் வேலை கிடைக்காமல் அறையில் உட்கார்ந்திருந்தபோது அதைப் பார்த்தேன். அந்த மனுஷன் எனக்குச் சொந்தக்காரர் போல இருந்தார். அதற்குத் துரைசாமி தேவைப்படவில்லை.

உப்பளம் ஆறாம் நம்பர்:
உங்களுக்கே சொந்தக்காரர் போல இருந்தது என்கிறீர்களே, ஏன்? ரத்தம் பேசுகிறது தம்பி. துரைசாமி ரத்தம்.

சொல்தா வீட்டுப் பேரன்:
நான் சொன்னது அது இல்லை ஐயா.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் எந்தப் பயிற்சியாளர் இறக்குவார்? அதே வருடம் அக்டோபரில் பாரிஸ் கிளப்பும் வேலையை விட்டே நீக்கியது. 1973-ல் வீரர்களுக்கான சாசனம் வந்த பிறகு ஒரு பிரெஞ்சுக் கிளப் இப்படி நீக்கிய முதல் வீரர். அதையும் படத்தில் போடுங்கள், "நீக்கப்பட்ட முதல் புதுச்சேரித் தமிழர்" என்று.

கோரிமேடு பாஸ்:
இது கேவலமான பேச்சு. பயிற்சியாளரைப் பற்றிப் பத்திரிகையில் மனசில் பட்டதைச் சொன்னார், ரிசர்வ் அணிக்கு ஆட மாட்டேன் என்றார். ஆறு மாதம் முன்னால் கோப்பை வாங்கிக் கொடுத்த ஆளை அப்படி வெளியே தள்ளுவதா? வாய் திறக்கும் ஆட்டக்காரனை யாருக்கும் பிடிக்காது. நம்மூரில் மட்டும் என்ன வாழ்கிறது? மாவட்ட அணித் தேர்வில் கேள்வி கேட்டதற்காக என்னை இரண்டு வருடம் உட்காரவைத்தார்கள். அதனால் சொல்கிறேன், வலி தெரிந்தவன்.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
உங்களை உட்காரவைத்தது கேள்வி கேட்டதற்காக இல்லை என்று அப்போது ஆடிய எல்லோருக்கும் தெரியும்.

கோரிமேடு பாஸ்:
என்ன தெரியும்? தைரியம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.

உப்பளம் ஆறாம் நம்பர்:
கடலூர்க்காரர்கள் இப்படித்தான். 1994-ல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாங்கள் போட்ட சுத்தமான கோலை ஆஃப்சைடு என்று அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து புதுச்சேரிக்காரன் எதைச் சொன்னாலும் கடலூருக்கு ஆஃப்சைடுதான். துரைசாமியும் ஆஃப்சைடு.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
அந்த ஆட்டத்தில் நான்தான் ஸ்டாப்பர். பந்தைக் கொடுக்கும்போது உங்கள் ஃபார்வர்டு எனக்கு இரண்டு கஜம் பின்னால், கோல்கீப்பரோடு பேசிக்கொண்டு நின்றார். அது ஆஃப்சைடு இல்லை என்றால் எதுவுமே ஆஃப்சைடு இல்லை.

உப்பளம் ஆறாம் நம்பர்:
நீங்கள் வலது பக்கம் தள்ளி நின்ற உங்கள் தடுப்பாட்டக்காரரை மறந்துவிட்டீர்கள். அவர் கோல் கோட்டிலேயே பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என் கண்ணால் பார்த்தேன்.

சில்வர் பீச் கோல்கீப்பர்:
அண்ணன்மாரே, ஒரு நிமிடம். கடலூரில் பிறந்து, இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடி, தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருக்கும் இந்துமதி கதிரேசனைப் பற்றி இந்த நான்கு குழுக்களில் ஒன்றிலாவது படம் வந்ததா? அவருக்குத் துரைசாமி ஆராய்ச்சி வேண்டாம், ஏனாம் வேண்டாம், கப்பலும் வேண்டாம். இங்கே இருக்கிறார். நானும் என் சித்தி மகளும் ஒரே ஜோடி பூட்ஸில் ஆடினோம். முதல் பாதி அவள், இரண்டாம் பாதி நான். கழற்றித் தரும்போது உள்ளே வேர்வையும் மணலுமாகச் சதசதவென்று இருக்கும், அப்படியே மாட்டிக்கொண்டு ஓடுவேன். அந்த மாதிரிப் பெண்கள் இன்றும் விடிகாலையில் மைதானத்தில் நிற்கிறார்கள். ஒருவராவது போய்ப் பார்த்தீர்களா?

முத்தியால்பேட்டை மாமா:
நல்ல கேள்வி கேட்டாய் பாப்பா. நான் முதலில் கேட்டதும் இதுதான், நம்மவர் என்றால் யார் என்று...

உப்பளம் ஆறாம் நம்பர்:
தங்கச்சி, இந்துமதியை மதிக்கிறேன். அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்கு, நானே முதல் ஆளாக வந்து எழுதுகிறேன். இங்கே பேச்சு தொராசூ பற்றி.

சில்வர் பீச் கோல்கீப்பர்:
போன வருடமும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணே. தொடங்கினேன். யாரும் வரவில்லை.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தை இன்னும் யாரும் நீக்கவில்லை. நீக்கும்வரை நான் விடப்போவதில்லை. அவர் தெலுங்கு வழி மொரிஷியஸ் குடும்பத்துப் பிரெஞ்சுக்காரர். அவ்வளவுதான்.

கோரிமேடு பாஸ்:
என் கேள்விக்குப் பதில் வரவில்லை. எல்லோருக்கும் என்ன தெரியும்?

உப்பளம் ஆறாம் நம்பர்:
படம் நீங்காது. சொல்தா வீட்டுத் தம்பி, உங்கள் கொள்ளுத்தாத்தா துரைசாமி பெயர் இருக்கும் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். சத்தத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். தொரா, துரை. தொரா, துரை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காது இருப்பவர்களுக்கு விளங்கும்.

சொல்தா வீட்டுப் பேரன்:
தாத்தாவின் பதிவேட்டை இந்தச் சண்டைக்குத் தர மாட்டேன் ஐயா, மன்னியுங்கள்.

உப்பளம் ஆறாம் நம்பர்:
சரி, வேண்டாம். என் வீட்டிலேயே ரேஷன் கார்டு இருக்கிறது, மாமனார் பெயரும் துரைசாமிதான். நாளைக் காலை அதைப் போடுகிறேன்.