புதுப்பிப்பு: தன்னை மன்னிக்க இயலாதவருக்கு
பிறரை மன்னித்த பின்பும் தன்னை மன்னிக்க முடியாமல் தவிக்கும் விசுவாசி என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை மீண்டும் வாசித்தபோது ஓரளவு தெளிவு கிடைத்தது. தன் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து (தீர்க்கவே முடியாத பெருந்தொகை) கடன்பட்ட ஊழியன் தள்ளுபடியைக் கேட்கவே இல்லை. பொறுத்துக்கொண்டால் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்ப்பதாகவே கெஞ்சினான். ராஜாவோ மனதிரங்கி முழுக் கடனையும் மன்னித்துவிட்டார். தனக்குக் கிடைத்தது கிருபை என்பதை உணராததால்தான், தனக்கு வரவேண்டிய வெறும் நூறு வெள்ளிப்பணத்திற்காக உடன் ஊழியனின் தொண்டையை நெரித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் நம்மை ஓயாமல் தண்டித்துக்கொள்வதும் அவனைப் போலத் தீர்க்க முடியாத கடனுக்குத் தவணை கேட்பதே. தம்மை அறியேன் என்று மும்முறை மறுதலித்த சீடன் பேதுருவிடம் இயேசு விளக்கம் கேட்கவில்லை; தம்மில் அன்பாயிருக்கிறாயா என்று மும்முறை கேட்டு, தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையே கொடுத்தார் (யோவான் 21). ஆனால் நம்மால் காயப்பட்டவருக்கு ஈடுசெய்யும் கடமை இதனால் நீங்குவதில்லை. வரி வசூலித்த சகேயு அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தது, இயேசு அவன் வீட்டில் தங்குவதாகச் சொன்ன பிறகுதான்.