பழைய டீசல் ஜீப்: இஜிஆரை மாட்டுறதா, அடைக்கிறதா?

ஏலக்காட்டு_ஜீப்
2.5 லிட்டர் டர்போ டீசல், ரோட்டரி டீசல் பம்பு, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கிடையாது, பிஎஸ்-2 (பழைய மாசு விதி) வண்டி. ஹெட் வேலை முடிஞ்சு வந்ததுல இஜிஆருக்கு (எக்ஸாஸ்ட்ல கொஞ்சத்தை மறுபடி இன்லெட்டுக்கே திருப்பி விடற வால்வு) போற வேக்யூம் ஹோஸ் ரெண்டும் மாட்டாம தொங்குது. மெக்கானிக், "பிளேட் அடிச்சு விட்டுரலாம்"ங்கிறார். லோயர் கேம்ப்ல இருந்து குமுளி ஏற்றத்துல தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போனா கரும்புகை, இழுவையும் கம்மி. மாட்டவா, அடைக்கவா?

மேட்டுரோடு
அடைங்க. 2 மிமீ எஸ்எஸ் தகடு, பழைய கேஸ்கெட்டை வச்சு வரைஞ்சு வெட்டுங்க. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இஜிஆர் பைப்பும் சேர்ற இடத்துல, தகட்டுக்கு ரெண்டு பக்கமும் புது கேஸ்கெட் வச்சு முடுக்குங்க. எம்8 போல்ட்டுன்னா 20-25 நியூட்டன் மீட்டர் போதும். இன்லெட் பக்கம் மட்டும் அடைச்சா பைப் முழுக்க சூடு நின்னு கேஸ்கெட் கருகும். கூல்டிரிங்க் டின்னை வெட்டி வைக்கிற வேலை வேண்டாம், அலுமினியம் கொஞ்ச நாள்லயே ஓட்டையாகிடும். போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு வைங்க. அவசரப்பட்டா மேனிஃபோல்டுக்குள்ளயே முறியும், அப்புறம் ட்ரில் போட்டு எடுக்கணும்.

பம்பு_பெஞ்ச்
மேட்டுரோடு அண்ணே, தகடு வெட்ட நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க. ஆனா கேள்வியைத் திரும்பப் படிங்க. ஹோஸ் தொங்குதுங்கிறார். இந்த வகை வால்வு வேக்யூம் வந்தாத்தான் திறக்கும், இல்லேன்னா ஸ்பிரிங்கே மூடிடும். அப்போ இப்பவே அந்த வண்டில இஜிஆர் வேலை செய்யல. வேலை செய்யாத ஒண்ணை அடைச்சா இழுவை எங்கிருந்து வரும்?

மூடியிருக்க வேண்டிய நேரத்துல புகைன்னா முதல்ல பாக்க வேண்டியது, வால்வு கரி பிடிச்சு பாதி திறந்தபடியே நிக்குதாங்கிறது. வால்வைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. சீட்ல (வால்வு மூடி உட்கார்ற இடம்) வெளிச்சம் தெரிஞ்சா அதுதான் குற்றவாளி. தெரியலேன்னா இஜிஆரை விட்டுட்டு வேற பக்கம் பாருங்க: ஏர் ஃபில்டர், டர்போவுக்கு அப்புறம் வர்ற ஹோஸ் கிளாம்ப் லீக், ஹெட் வேலையப்ப பம்பு டைமிங் ஒரு பல் தள்ளிப் போனதா.

இன்னொண்ணு. தொங்குறதுல ஒண்ணு டீசல் பம்பு மேல இருக்கிற பூஸ்ட் கேப்ஸ்யூல் (டர்போ அழுத்தத்துக்கு ஏத்தபடி டீசலைக் கூட்டறது) ஹோஸ் இல்லைங்கிறதை உறுதி பண்ணிக்குங்க. அது கழண்டா டீசல் அளவு ஏறாது, இழுவை போகும். ஆனா புகை கம்மியாத்தான் இருக்கும். இங்க புகையும் சேர்ந்து வர்றதால அது மட்டும் காரணமா இருக்காது.

மேட்டுரோடு
சரி, வால்வு சீட்ல சரியா உட்காரலைன்னே வச்சுக்குவோம். கழட்டி சுத்தம் பண்ணி மாட்டினா எத்தனை நாள் நிக்கும்? பிஸ்டன் ரிங் தேஞ்ச இன்ஜின்ல பிரீதர் (இன்ஜின் மூச்சு விடற குழாய்) வழியா ஆயில் புகை வரும், அது இஜிஆர் கரியோட கலந்து தார் மாதிரி இன்லெட்டுக்குள்ள படியும். சுத்தம் பண்ற கூலியை வருஷா வருஷம் யார் குடுக்கிறது? பழைய மாடலுக்கு வால்வு புதுசாக் கிடைக்கிறதும் லேசில்ல.

பம்பு_பெஞ்ச்
அப்போ நோய் ப்ளோபைலதானே (ரிங்கைத் தாண்டிக் கீழ கசியற புகை) இருக்கு? பிரீதர் ஹோஸை இன்லெட் பக்கம் கழட்டி ஐடில்ல பாருங்க. லேசா மூச்சு விட்டா பரவாயில்ல, தாளம் போட்டுப் புகை அடிச்சா ரிங் போச்சு. தெர்மோஸ்டாட்டையும் பாருங்க. சமவெளில சூடு ஏறுதுன்னு அதைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு ஓட்டறவங்கதான் நம்ம ஊர்ல ஜாஸ்தி. இன்ஜின் சூடே ஏறாம ஈரக்கரியா படியும், பழி இஜிஆர் மேல விழும்.

ஏற்றத்தைப் பத்தியும் சொல்லணும். நல்லா வேலை செய்யற இஜிஆர் பாதி ஆக்ஸிலரேட்டர்லதான் திறந்திருக்கும். முழுசா மிதிக்கும்போது டீசல் பம்புல இருக்கிற ஸ்விட்ச் வேக்யூமைக் கட் பண்ணிடும். குமுளி ஏற்றத்துல ரெண்டாம் கியர்ல மிதிச்சுக்கிட்டுப் போகும்போது அது மூடித்தான் இருக்கும். தகடு அடிச்சா "வண்டி பறக்குது"ங்கிறவங்களுக்கெல்லாம், ஒட்டிக்கிட்டுத் திறந்து கிடந்த வால்வு அடைபட்டதுதான் காரணம்.

மேட்டுரோடு
குமுளி கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். காற்று அடர்த்தியே கீழே இருக்கிறதைவிடக் கம்மி. அதுல எக்ஸாஸ்ட்டையும் கலந்து குடுத்தா டீசல் எரிய ஆக்ஸிஜன் வேணாமா? ஸ்விட்ச் ஒழுங்கா கட் பண்ணும்ங்கிற நம்பிக்கை எனக்குப் பழைய வண்டில கிடையாது.

பாலக்காட்டு_ரோடு
இதைப் படிச்சுட்டு காமன்ரெயில் (ஈசியூ டீசலைக் கட்டுப்படுத்தற புது வகை) வண்டிக்காரங்க யாரும் தகடு வெட்ட உட்கார்ந்துடாதீங்க. அதுல இஜிஆர் திறந்தா ஏர் ஃப்ளோ சென்சார் அளவு குறையணும். குறையலைன்னா பி0401 (இஜிஆர் ஓட்டம் போதலை) கோடு, செக் லைட், சில வண்டில பவரையும் குறைச்சிடும். 7 மிமீ ஓட்டை போட்ட தகடுன்னு சொல்வாங்க, சில ஈசியூ ஏமாறும், சிலது ஏமாறாது.

இஜிஆர் கூலர் (திரும்பற எக்ஸாஸ்ட்டைக் கூலன்ட்டால குளிர வைக்கிறது) இருக்கிற வண்டில கூலன்ட் குறையுதுன்னு எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அடைக்கிறதும் தப்பு. வெடிச்ச கூலர்ல இருந்து தண்ணி அப்பவும் இன்லெட்டுக்குள்ளதான் போகும். கூலன்ட் ஹோஸையும் கூலரைச் சுத்தி ஒண்ணா இணைக்கணும். இல்லேன்னா ஒரு நாள் காலைல செல்ஃப் அடிக்கும்போது சிலிண்டர்ல தண்ணி நின்னு கனெக்டிங் ராடு வளையும்.

பெட்ரோல்_ஆள்
இஜிஆர் எடுத்தா வால்வு கருகும்னு சொல்றாங்களே?

பம்பு_பெஞ்ச்
டீசல்ல இல்ல. இஜிஆர் இல்லாம அதிகக் காற்று போறதால எக்ஸாஸ்ட் சூடு பெரும்பாலும் குறையத்தான் செய்யும். பெட்ரோல்ல கதை வேற, இக்னிஷன் டைமிங் இஜிஆரை நம்பி முன்னாடி தள்ளி வச்சிருப்பாங்க, எடுத்தா பாதி மிதில இன்ஜின் தட்டும் (நாக்கிங்). டீசல்ல கூடறது நைட்ரஜன் ஆக்ஸைடு. எரியற இடத்துல சூடு 1500 டிகிரியைத் தாண்டினா வேகமா உண்டாகும், அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் இஜிஆரே.

மேட்டுரோடு
அதைப் புகை டெஸ்ட்ல யாரும் அளக்கறதில்லையே. டீசலுக்கு புகையடர்த்தி மட்டும்தான், பிஎஸ்-4க்கு முந்தின வண்டிக்கு 65 ஹெச்எஸ்யூ (புகையடர்த்தி அலகு). நம்ம பக்கமும் அதுதான், கேரளாவுலயும் அதுதான்.

பம்பு_பெஞ்ச்
அளக்கலேன்னா விஷம் இல்லைன்னு ஆகிடுமா? தோட்ட வேலைக்குப் போற பொம்பளைங்க பின்னாடி உட்கார்ந்து வர்ற வண்டி அது. சட்டமும் புகையோட நிக்கல. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு மாற்றம் செய்றதைத் தடுக்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் 182ஏ-ல ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபா, 190(2)-ல மாசுக்கு 10,000 வரைக்கும் அபராதம் இருக்கு. குமுளி செக்போஸ்ட்ல பானெட் தூக்கச் சொன்னா அந்தப் புது எஸ்எஸ் தகடு பளபளன்னு தெரியும்.

மேட்டுரோடு
பானெட் தூக்கி இஜிஆர் பாத்த ஆபீசர் ரொம்ப அபூர்வம். இருந்தாலும் தகடு பளபளக்கும்ங்கிறது நியாயம்தான்.

ஏலக்காட்டு_ஜீப்
வால்வைக் கழட்டிப் பாத்தாச்சு. சீட்ல நெல்லளவு கரிக்கட்டி, வெளிச்சம் தெரியுது. மாட்டறதுன்னா ஹோஸ் எது எங்க?

பம்பு_பெஞ்ச்
முதல்ல கரி. கார்ப் கிளீனர் அடிச்சு ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ல தேய்ங்க. டயஃப்ரம் (வேக்யூம்ல வால்வை இழுக்கற ரப்பர் சவ்வு) பக்கம் ஒரு சொட்டு படக்கூடாது, ரப்பர் உப்பிடும். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினிய பாடியைத் தின்னுரும். இன்லெட் மேனிஃபோல்டைச் சுரண்டறதுன்னா ஹெட்ல இருந்து இறக்கிட்டுச் சுரண்டுங்க, கட்டி போர்ட்ல விழுந்தா வால்வுக்கு ஆபத்து.

அடுத்து ஹோஸ். ஆல்டர்னேட்டர் பின்னாடி வேக்யூம் பம்பு, அதுல இருந்து பெரிய ஹோஸ் பிரேக் பூஸ்டருக்கு. நடுவுல டீ போட்டு 4 மிமீ ஹோஸ் சாலினாய்டுக்கு (கரன்ட்ல வேக்யூமைத் திறந்து மூடற வால்வு). சாலினாய்டுல மூணு வாய்: பம்புல இருந்து வர்றது, வால்வு டயஃப்ரத்துக்குப் போறது, சின்ன பஞ்சு ஃபில்டர் மாட்டின மூணாவது. அந்த மூணாவது வாய்தான் காற்றை விட்டு வால்வை மூட வைக்குது. அதுல மண் அடைஞ்சாலோ, ஹோஸை மாத்தி அதுல சொருகினாலோ வால்வு திறந்தபடியே நிக்கும், மறுபடி கரும்புகை.

சோதனைக்கு, சூடான இன்ஜின் ஐடில்ல ஓடும்போது கை வேக்யூம் பம்பால டயஃப்ரத்தை இழுங்க. சத்தம் மாறி இன்ஜின் தடுமாறணும், விட்டதும் சரியாகணும். கை பம்போட கேஜ் முள் தானா இறங்கினா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு.

மேட்டுரோடு
இவ்வளவுக்கும் அப்புறம் டயஃப்ரம் கிழிஞ்சிருந்தா என் தகடுதான். ஆனா இஜிஆர் மாட்டினாலும் சரி, மாட்டலைன்னாலும் சரி, வேக்யூம் பம்பு பக்கத்து ஹோஸைத் திறந்து விடாதீங்க. பூஸ்டருக்குப் போற வேக்யூம் அந்த வழியா கசிஞ்சு பிரேக் பெடல் கட்டையாகிடும், குமுளில இருந்து இறங்கும்போது அதான் முதல் பயம். போல்ட்டை உள்ள சொருகி கிளாம்ப் போட்டு அடைங்க. கேஜ் இருந்தா ஐடில்ல வேக்யூம் பம்பு 600 மிமீ பாதரசத்துக்கு மேல காட்டணும்.

பம்பு_பெஞ்ச்
இதுல நான் உங்க கட்சி. இன்னைக்கு ராத்திரிக்குள்ள அந்த ஹோஸை அடைங்க, மிச்சத்தை ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.