பழைய படத்தில் ஒரு வசனத்தைக் காணவில்லை. இது சரியா?

வாவிக்கரை: போன ஞாயிறு அம்மாவோடு இருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். ரேடியோவில் ஒலிச்சித்திரமாகக் கேட்டே அம்மாவுக்கு அந்தப் படம் முழுக்கப் பாடம். பகிடிக் காட்சியில் வேலைக்காரப் பெண்ணின் நிறத்தைக் கேலி செய்கிற வசனம் ஒன்று வரவேண்டும், அந்த இடத்தில் நடிகரின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அம்மா விடவில்லை, மிச்ச வசனத்தைத் தானே சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். கறுப்பி என்று மாமியாரிடம் நிறைய வாங்கிக் கட்டியவர் அவர். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இத்தனை வருசத்துக்குப் பிறகு படத்தில் கைவைக்கலாமா?

கல்லடிக்காரன்: தம்பி, 1982இல் வந்த ஈ.டி. படத்தை 2002இல் திரும்ப வெளியிட்டபோது, பிள்ளைகளைத் துரத்துகிற அதிகாரிகளின் கையில் இருந்த துவக்கை அழித்து வோக்கிடோக்கி கொடுத்தார் அதன் இயக்குநர் ஸ்பீல்பெர்க். பிறகு அவரே பிழை என்று ஒத்துக்கொண்டார், துவக்கும் திரும்பி வந்துவிட்டது. சொந்தப் படத்தில் கைவைத்தவருக்கே இந்தக் கதி. (துவக்கு, வோக்கிடோக்கி இரண்டையும் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது கூடப் பயம் என்று அவரிடம் யார் சொல்வது!)

மருதமுனை வாசகி: நான் மற்றப் பக்கம். என் மகளைத் தரம் 6இல் பொடியன்கள் ஒரு படத்து வசனத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். அந்த வசனத்தை யாராவது ஊமையாக்கினால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் டிவியில் சிகரெட்டை மங்கலாக்குகிறார்களே, அது சரிவராது. வாயில் என்ன மங்கலாகத் தெரிகிறது என்று கேட்டு, சின்னவன் அதையே உற்றுப் பார்க்கிறான்.

பழைய ரீல்: ஊமையாக்கியதைவிட அதைச் சொல்லாமல் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1939இல் வந்த கான் வித் த விண்ட் படம் கறுப்பின மக்களின் அடிமை வாழ்வை அழகாகக் காட்டுகிறது என்ற குறை வந்தபோது, இணையத்தில் படம் காட்டுகிற எச்.பி.ஓ. மேக்ஸ் 2020இல் அதை எடுத்துவிட்டு, கொஞ்ச நாளில் ஒரு விளக்கத்தை முன்னால் சேர்த்து மறுபடி போட்டது, படத்தில் கைவைக்கவில்லை. பிரெஞ்ச் கனெக்சன் என்ற பழைய அமெரிக்கப் படத்தில் இனத்தை இழிவுபடுத்துகிற சொல் வருகிற துண்டு 2023இல் யாருக்கும் சொல்லாமல் காணாமல் போனது, பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். சரி, எங்கள் ஊர்த் தியேட்டரிலும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாட்டை வெட்டினார்கள்தான், ஆனால் வெட்டின உடனே சனம் கூ அடிக்கும்.

வாவிக்கரை: அம்மாவிடமே கேட்டேன், அந்த வசனம் போனது நல்லதுதானே என்று. "எனக்குச் சொன்ன ஆக்களெல்லாம் அதைப் பாத்துத்தானே சொன்னவங்க, இப்ப அதை மறைச்சா ஆருக்கு லாபம்" என்றார். மருதமுனை அக்கா சொன்னதையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்குப் போறாளா" என்று மட்டும் கேட்டார். அப்புறம், அந்தப் படத்தின் பழைய வீடியோ கசட் அலுமாரிக்குள் கிடக்கிறது, களுவாஞ்சிக்குடிப் பக்கம் யாரிடமாவது ஓடுகிற டெக் இருக்கிறதா?