நடுவில் ஒரு நாள் விட்டால் மொத்தமும் விட்டுப்போகிறது, என்ன செய்வது?

தங்கச்சிமடம்_23

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். போன முறை எழுத்துத் தேர்வில் தேறினேன். உடல்தகுதியில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும், நான் 7 நிமிடம் 12 விநாடி. பன்னிரண்டு விநாடியில் போச்சு. இன்னும் ராத்திரியில் அதுதான் ஓடுகிறது.

என் பிரச்சினை, எதையும் தொடர்ந்து செய்ய முடியவில்லை. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார், சரி என்று காலண்டரில் கட்டம் போட்டு ஆரம்பித்தேன். அப்பா ராமேஸ்வரம் விசைப்படகில் போகிறார், திங்கள், புதன், சனி போனால் மறுநாள் காலைதான் கரைக்கு வருவார்கள், அன்றைக்கு நான் படகு ஜெட்டியில் மீன் பிரிக்க, பெட்டி தூக்க நிற்கவேண்டும். மாலையில் ஓடலாம் என்றால் கால் வராது. ஒரு கட்டம் காலியாகிவிட்டால் இனி எதற்கு என்று ஒரு வெறுப்பு வருகிறது பாருங்கள், அப்புறம் பத்து நாள் ஷூவைத் தொடவே மாட்டேன். நாலு தடவை ஆரம்பித்துவிட்டேன், அதிகபட்சம் 9 நாள். தினமும் விடாமல் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

தீவுக்காரன்

தம்பி, கோபப்படாதே, இது சாக்கு. கலாம் ஐயா சின்ன வயதில் விடியற்காலையில் பேப்பர் கட்டு எடுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போன ஊர் இது. மூன்றரைக்கு எழுந்து ஓடிவிட்டு ஜெட்டிக்குப் போ. மனசு இருந்தால் முடியும்.

சின்னப்பாலத்து மகள்

அண்ணன் சொல்வது சொல்ல நன்றாக இருக்கிறது, பெட்டி தூக்கிப் பார்த்தவருக்குத் தெரியும்.

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பாசி எடுக்கிறவர். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்க வேண்டும், சிலிண்டர் எல்லாம் கிடையாது. அவர் தினமும் கடலில் இறங்குகிறாரா என்றால் இல்லை. மாதத்துக்கு 12 நாள்தான், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. பாசி மறுபடி வளரவேண்டும் என்று பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கணக்கு. மற்ற நாளில் கடல் அம்மாவுக்கு இல்லை, அதற்காக ‘விட்டுப்போச்சே’ என்று அவர் ஒரு நாளும் உட்கார்ந்து அழுததில்லை. ஆனால் அந்த 12 நாளில் ஒன்றை விடச் சொல்லுங்கள் பார்ப்போம். காய்ச்சலோடு போய்விட்டு வந்து திட்டு வாங்கியிருக்கிறார்.

தண்ணீருக்குள் அவர் கண்ணுக்குத் தெரிகிற பாசி எனக்குத் தெரியாது. நானும் இறங்கிப் பார்த்திருக்கிறேன், எனக்கு எல்லாம் ஒரே கல்லாகத்தான் தெரிந்தது. அந்தக் கண் வருகிற வரைக்கும் எத்தனை அமாவாசை என்று கேட்டால் சிரிக்கிறார்.

தம்பி, உங்கள் அப்பாவும் தினமும் போவதில்லையே. வாரத்துக்கு மூன்று நாள், வருடத்துக்கு 61 நாள் தடைக்காலம் வேறு. ஜூன் 15 ஆனால் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார் இல்லையா, ‘இரண்டு மாதம் விட்டுப்போச்சு, இனி எதற்கு’ என்றா இருக்கிறார்?

பழைய ஓட்டக்காரன், ராமநாதபுரம்

மேலே சின்னப்பாலத்துத் தங்கச்சி எழுதியதற்குப் பிறகு எனக்கு வேலை குறைவு, கணக்கு மட்டும் சொல்கிறேன்.

படகு வருகிற காலை செவ்வாய், வியாழன், ஞாயிறு. மிச்சம் திங்கள், புதன், வெள்ளி, சனி. நாலு காலை இருக்கிறதே தம்பி! 1500க்கு நாலு நாள் தாராளம். காலண்டரில் ஏழு கட்டம் போட்டதுதான் உங்கள் முதல் தப்பு, ஜெட்டி நாளுக்குக் கட்டமே போடாதீர்கள். அன்று பெட்டி தூக்குவதே உடம்புக்குப் போதும்.

இரண்டாவது தப்பை நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன். தினமும் முழு 1500ஐயும் உயிரைக் கொடுத்து ஓடிப்பார்க்கிறீர்கள், சரியா? முதல் 400ஐ ஒன்றரை நிமிடத்தில் பறந்துவிட்டுக் கடைசியில் நடக்காத குறையாக வருவீர்கள். 7 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி, 400க்கு 1 நிமிடம் 52. அவ்வளவுதான் வேகம், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் 400ஐ 1 நிமிடம் 48 விநாடியில் நாலு தடவை, நடுவில் இரண்டு நிமிட நடை. ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் 5 கிலோமீட்டர். ஒரு நாள் கயிறு ஏறுதலும் நீளத் தாண்டுதலும். நாலாவது நாள் லேசாக, மனசுக்குப் பிடித்தபடி. மணலிலேயே ஓடிக்கொண்டிருக்காதீர்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இங்கே சீதக்காதி சேதுபதி அரங்கத்துக்கு வந்து நேரம் பிடித்துப் பாருங்கள்.

தீவுக்காரருக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் எந்தப் பேச்சுக்கும் கலாம் ஐயா பெயர் வந்துவிடும், வரட்டும், நல்லதுதான். ஆனால் பேப்பர் போட்டதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 முதல் தடவை 1979 ஆகஸ்ட் 10ல் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. நடுவில் இருந்த 11 மாதம் அதே ராக்கெட்டை அப்படியே தூக்கி மறுபடி ஏவவில்லை. இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வு மக்கர் செய்து திரவம் கசிந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். தம்பியின் வால்வு முதல் 400 மீட்டரில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மண்டபம் வாசகன்

அந்த 21 நாள் கதை பற்றி. 1960 வாக்கில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். ‘குறைந்தது’ வழியில் எங்கோ விழுந்துவிட்டது, முகம் ஓட்டமாகிவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்து உண்மையாகவே அளந்து பார்த்தார்கள், 2009ல் வந்த ஆய்வு. ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள், ஆளுக்கும் வேலைக்கும் தகுந்து 18லிருந்து 254 வரை. அதில் முக்கியமானது, நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் விட்டது உங்களைக் கவிழ்க்கவில்லை, அதற்கப்புறம் விட்ட பத்து நாள்தான் கவிழ்த்தது.

தீவுக்காரன்

சரி, மூன்றரை மணியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை தூங்கினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

தங்கச்சிமடம்_23

ஓட்டக்கார அண்ணே, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள், முதல் 400 எனக்கு 1 நிமிடம் 25 விநாடிதான். பெரிய சாதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா, அப்பாவிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக்காட்டினேன், ‘இதைத்தானே நான் சொன்னேன்’ என்கிறார், சொன்னதே இல்லை.

நாளை வியாழன், ஜெட்டி. வெள்ளி காலை ஆரம்பிக்கிறேன். ஒரே சந்தேகம், இங்கே டிராக் இல்லை, 400 மீட்டரை எப்படி அளப்பது?

பழைய ஓட்டக்காரன், ராமநாதபுரம்

ரோட்டோரம் 200 மீட்டருக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள், இரண்டு கல் தாண்டினால் 400. வெளிச்சம் வந்த பிறகு ஓடுங்கள், ஐஸ் லாரி வருகிற ரோடு அது.