ஒரே பாட்டு ஏழெட்டு இடத்தில்: பாட்டு ஃபோல்டரைச் சுத்தம் செய்த மூன்று பேரின் அனுபவங்கள்

பழைய ஹார்ட் டிஸ்க், கார் பென்டிரைவ், ஒரு காலத்தில் வாங்கிக் குவித்த எம்.பி.3 சி.டி.க்கள், வாட்ஸ்அப்பில் வந்தவை என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிப் பார்த்தேன். ‘மாங்குயிலே பூங்குயிலே’ மட்டும் ஏழெட்டு இடத்தில் கிடந்தது. ஒன்றின் பெயர் வெறும் ‘ட்ராக் 3’. ஒன்றில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1. இன்னொன்று, தேதியும் நம்பருமாக வாட்ஸ்அப் தானே வைத்துக்கொண்ட பெயரில். பெயரை வைத்துத் தேடினால் பாதி சிக்காது. சிக்குகிற பாதியிலும் பல நிஜ டூப்ளிகேட்டே கிடையாது. முதலாவது தொல்லை, இரண்டாவதுதான் ஆபத்து.

அதே ‘மாங்குயிலே’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) பாடல்களில் அது இரண்டு உண்டு. எஸ்.பி.பி. தனியாகப் பாடியது ஒன்று, எஸ்.ஜானகியோடு பாடியது ஒன்று. பாட்டு, படம், வருடம் எல்லாம் ஒன்றே. ‘பில்லா’ இன்னும் மோசம். 1980இல் எம்.எஸ்.வி. இசையமைத்த ‘மை நேம் இஸ் பில்லா’வை 2007 படத்தில் யுவன் மறுபடி செய்தார். டூப்ளிகேட் தேடும் மென்பொருளுக்குப் பாட்டுப் பெயரும் படப் பெயரும் பொருந்திவிட்டன, அவ்வளவுதான். ஒன்றை அழித்துவிடலாமா என்று கேட்கும். மொத்தமாக டிக் செய்து ‘சரி’ கொடுப்பவருக்கு எம்.எஸ்.வி. பாட்டு அழிந்துபோனது அடுத்த தீபாவளிக்குத்தான் தெரியும்.

அதனால் நான் முதல் சுற்றில் டூப்குரு என்ற டூப்ளிகேட் தேடும் மென்பொருளிடம் உள்ளடக்கம் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பதை மட்டும் எடுக்கச் சொன்னேன். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம், பெயர் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இதில் போவது கொஞ்சம்தான். பாடகர், படம் போன்ற விவரங்கள் டேக்காக அந்தக் கோப்புக்குள்ளேயே இருப்பதால் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கோப்பு. டவுன்லோடு தளங்கள் தலைப்பு, ஆல்பம், குறிப்பு என்று கிடைத்த இடத்திலெல்லாம் தங்கள் முகவரியை ஒட்டிவிட்டிருக்கும். இரண்டு தளத்தில் இறக்கிய ஒரே பாட்டு இரண்டு கோப்பாகத்தான் தெரியும்.

அப்புறம் டேக் வேலை. டேக்குகளைத் திருத்தும் எம்.பி.3டேக் மென்பொருளில் பத்தி பத்தியாகத் திறந்தால் இளையராஜா மட்டும் ஆறு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தார். எஸ்.பி.பி. புள்ளி வைத்தும் வைக்காமலும். இதைவிடப் பெரிய குழப்பம், ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தில் யாரைப் போடுவது? இந்த மென்பொருள்களெல்லாம் ஒரு குழுவின் ஆல்பத்தை மனதில் வைத்துச் செய்தவை. நம் சினிமாப் பாட்டில் ஒரே படத்துக்கு ஆறு பாடகர்கள். பாடகரை அங்கே போட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால், போனில் ஒரு படம் ஆறு துண்டாகிவிடும். நான் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் இசையமைப்பாளரையும் ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் பாடகர்களையும் போட்டேன். ஃபோல்டர் பெயரில் வருடம் முதலில், படம் பிறகு. ‘1980 பில்லா’, ‘2007 பில்லா’ என்று இருந்தால் சண்டையே இல்லை.

மிச்சமிருந்ததைப் பாட்டின் நேரத்தை வைத்து அடுக்கினேன். ஒரே பெயர், இரண்டு மூன்று நொடிதான் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் ஒரே பதிவு. அரை நிமிடம் வித்தியாசம் என்றால் கேட்டே ஆக வேண்டும். எதை வைத்துக்கொள்வது? தரம் 320 கே.பி.பி.எஸ். என்று எழுதியிருக்கிறதே என்று நம்ப வேண்டாம். 128ஐ எடுத்து 320 ஆக ஊதிய கோப்புகள் ஏராளம். ஒலியின் அலைவெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் போட்டால், படம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டினதுபோல் நிற்கும். அப்படி இருந்தால் சின்னக் கோப்பையே வைத்துக்கொண்டேன்.

*

கச்சேரி ரெக்கார்டிங் சேர்ப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பாட்டுப் பெயரால் தேடுவதே வீண். ‘எந்தரோ மஹானுபாவுலு’ ஒன்றே ஒன்று வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை. ஒரே வித்வான், ஒரே கீர்த்தனை, வேறு வேறு சபா. அதெல்லாம் டூப்ளிகேட் இல்லை, அதுதான் சேகரிப்பே. ஒலியையே கேட்டு அடையாளம் சொல்லும் பிகார்ட் மென்பொருளும் கைகொடுக்கவில்லை. யாரோ சபாவில் உட்கார்ந்து டேப்பில் பிடித்தது அதன் தரவுத்தளத்தில் எப்படி இருக்கும்?

எனக்கு உண்மையான தலைவலி, ஒரே கச்சேரி மூன்று வழியாக வந்து சேர்வது. ஒருவர், மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தோடு கொடுப்பார். இன்னொருவர் தனியை வெட்டிவிட்டுக் கொடுப்பார். மூன்றாமவர் ஆலாபனையைத் தனிக் கோப்பாக்கி இருப்பார். எந்த மென்பொருளும் இதைச் சொல்லாது. வித்வான், ஊர், வருடம், பக்கவாத்தியம் நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதுகிறேன். மிருதங்கம் யார் என்று தெரிந்தால் பாதி கேஸ் தீர்ந்துவிடும். தனியை வெட்டிய பிரதியை யோசிக்காமல் தூக்கிவிடுவேன், மன்னிக்கவும்.

*

நான் கேசட் ஆள். லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்களே, அந்தக் கடைகளில் அப்பா போட்டு வாங்கிய 60, 90 நிமிடக் கேசட்டுகளை டெக்கிலிருந்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றினேன். முதல் பதிவர் சொன்ன நேரக் கணக்கு இங்கே ஏமாற்றும். டெக்கின் வேகம் கொஞ்சம் கூடினாலே பாட்டு பல நொடி குறையும், சுருதியும் ஏறிவிடும். அதே காரணத்தால் பிகார்டும் அடையாளம் தெரியாது என்று கைவிரிக்கும். ஆடாசிட்டியில் வேகத்தைச் சரிசெய்த பிறகு பல பாட்டுகளைப் பிகார்டே கண்டுபிடித்தது.

சைடு தீர்ந்து பாதியில் அறுந்த பாட்டுகளையும், சி.டி.யில் முழுதாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு நீக்கினேன். நேராக அழிக்கவில்லை, ‘சந்தேகம்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் தள்ளிவிட்டேன். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் அதைத்தான் முதலில் காலி செய்வேன்.