கடற்கரைப் பை மலைக்குச் சரிப்படுமா?

குன்னூர் செல்வி:
இங்கே கடைகளில் இப்போது கடற்கரைப் பை என்று ஒரு ரகம் தொங்குகிறது. வெள்ளைக் கேன்வாஸ், நீலப் பட்டை, நங்கூரப் படம், கைப்பிடிக்குத் தடித்த நூல்கயிறு. ஒரு வாரக் காய்கறி மொத்தமும் உள்ளே போய்விடும். நான் ஒன்று வாங்கிவிட்டேன், எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில்தான் "மலையில இருந்துக்கிட்டு கடல் பை எதுக்கு" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஊட்டி பாஸ்கர்:
வீட்டில் சொல்வது சரி. மேலே ஜிப்பும் இல்லை, மூடியும் இல்லை. மணலை உதறிவிட்டு வெயிலில் போடுவதற்கென்று தைத்த பை அது. ஜூன் மாதம் மழை பிடித்தால் இந்த 2,240 மீட்டர் உயரத்தில் கைக்குட்டையே காயாது, இதில் தடித்த கேன்வாஸ் எங்கே காயும்? என் தங்கை வைத்திருந்த பையில் கயிறு நுழைகிற உலோக வளையத்தைப் பார்த்தேன். உள்பக்கம் கயிற்று முடிச்சு ஈரத்தில் ஊறி உப்பிப்போய், வளையம் துருப்பிடித்து, துணியில் வட்டமாகப் பழுப்புக் கறை. அடியில் தையல் ஓரமெல்லாம் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். துவைத்தும் போகவில்லை.

கொடைக்கானல் ராணி:
பாஸ்கர் அண்ணா, கடற்கரையில் மட்டும் ஈரம் இல்லையா? இந்த மாதிரிப் பைகளுக்கு முன்னோடி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எல்.எல்.பீன் நிறுவனம் 1944இல் கொண்டுவந்த பை. ஐஸ் கட்டி தூக்குவதற்குச் செய்தது அது, அதனால்தான் அவ்வளவு தடித்த கேன்வாஸ். படகுப் பையாக 1960களில்தான் அதை மறுபடி கொண்டுவந்தார்கள். ஐஸ் தாங்கின பை கேரட்டும் முட்டைகோசும் தாங்காதா?

ஊட்டி பாஸ்கர்:
அந்தப் பை தாங்கும்மா, நான் இல்லை என்று சொல்லவில்லை. இங்கே விற்பதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், அந்தப் பக்கம் தெரிகிறது. பட்டையும் நங்கூரமும் மட்டும்தான் அங்கிருந்து வந்திருக்கின்றன, துணி வரவில்லை.

கோத்தகிரி டீச்சர்:
எனக்கு வேறு கவலை. நீலகிரியில் பிளாஸ்டிக் பைத் தடை மாநிலம் முழுக்க 2019இல் வருவதற்கு வெகு முன்பே வந்துவிட்டது, துணிப்பை நமக்குப் புதிதில்லை. எல்லார் வீட்டிலும் ஜவுளிக்கடைக் கட்டைப்பை குவிந்து கிடக்கிறது. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பையை 52 முறை எடுத்துப் போனால்தான் பருவநிலைக் கணக்கில் மட்டுமாவது அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் 7,000 முறைக்கு மேல் போகிறது. அப்படியிருக்க, வருஷத்துக்கு ஒரு டிசைன் மாற்றி வாங்கினால் என்ன நியாயம்? வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் நங்கூரம் எதற்கு, 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய தோடர் எம்பிராய்டரி நம் ஊரிலேயே இருக்கிறதே!

குன்னூர் செல்வி:
டீச்சர், தோடர் பெண்கள் நூல் இழையை எண்ணி எண்ணி சிவப்பும் கருப்புமாகப் போடுகிற வேலை அது. அதில் மண் ஒட்டின உருளைக்கிழங்கைக் கொட்ட எனக்கு மனசு வராது. கட்டைப்பையைத் தோளில் மாட்ட முடியாது. எங்கள் வீட்டுக்குப் படியேறிப் போவதற்குள் விரலில் இரத்தம் கட்டிவிடும், இன்னொரு கையில் குடை வேறு. தோளில் மாட்டுகிற பெரிய பை வேண்டுமென்றுதான் இதை வாங்கினேன். பிடித்த பையைத்தான் ஞாபகமாக எடுத்துப் போவோம், உங்கள் 52 கணக்கும் அப்படித்தான் நிறையும்.

ஊட்டி பாஸ்கர்:
சரி, வாங்கியாச்சு. அப்படியென்றால் தையல்காரரிடம் கொடுத்து அந்தக் கயிற்றையும் வளையத்தையும் எடுத்துவிட்டு, பேக் தைக்கிற நைலான் பட்டியை அடிவரை சுற்றிப் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு ஜிப், உள்ளே குடைத்துணியில் லைனிங். லைனிங்கை அடியில் சேர்த்துத் தைக்காமல் வெளியே இழுத்துக் காயவைக்கிற மாதிரி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு துணிக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும்.

குன்னூர் செல்வி:
ஜிப்பும் லைனிங்கும் போடுகிறேன் அண்ணா. கயிறு இருக்கட்டும், துருப்பிடிக்காத பித்தளை வளையம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

ஊட்டி பாஸ்கர்:
பித்தளையே போட்டாலும் முடிச்சு காயாதம்மா. ஆகஸ்டில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.