கலைச்சொல் தேவை: சிகிச்சைச் சோதனையா, உழையாய்வா?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கான புதிய சிகிச்சை ஒன்றைப் பற்றி நோயாளிகளுக்குத் தரப்படும் தகவல் ஏட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஒப்படைக்க வேண்டும். படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய ஆண்கள். ‘கிளினிக்கல் டிரையல்’, அதாவது புதிய சிகிச்சையை நோயாளிகளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது, தலைப்பிலேயே வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

செய்திகளில் ‘மருத்துவப் பரிசோதனை’ என்று எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு பொருள் நிலைத்துவிட்டது. தேசிய சேவைக்குப் போகும் பையன்களுக்கும், வேலை அனுமதிக்காக வெளிநாட்டு ஊழியர்களுக்கும் செய்வதுதான் இங்கே மருத்துவப் பரிசோதனை. ஏட்டைப் படிக்கும் பெரியவர், இரத்தம் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணிக் கையெழுத்திட்டுவிடக் கூடாது. நல்ல சொல் ஒன்று சொல்லுங்கள்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது. ‘கிளினிக்’ என்பதன் வேர் கிரேக்க மொழியில் கட்டிலைக் குறிக்கும். நோயாளியின் கட்டிலருகே நின்று பார்க்கும் மருத்துவம் என்பதே அதன் கருத்து. வள்ளுவர் மருந்தின் நான்கு கூறுகளைச் சொல்கிறார்:

உற்றவன் தீர்ப்பான் மருந்துஉழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

‘உழை’ என்றால் பக்கம், அருகு. அரசன் அருகே நிற்கும் ஏவலரை ‘உழையர்’ என்றார்கள். ஆகவே நோயாளியின் அருகிருந்து செய்யும் ஆய்வு ‘உழையாய்வு’. ஐந்தே எழுத்து. வேரும் பொருந்துகிறது, வடசொல்லும் இல்லை. ‘சோதனை’ வடமொழிச் சொல். தூய்மைப்படுத்துதல் என்பது அதன் பழம்பொருள். அதை எதற்காகச் சுமக்க வேண்டும்?

அனுப்பியவர்: புற்றுநோய் ஆய்வுத் தாதி, பீஷான்

ஐயா, குறளை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் உழையாய்வு என்று நான் வாய்விட்டுச் சொன்னால், நோயாளியின் காதில் ‘உழைப்பு’தான் விழும். கட்டுமானத்திலும் துறைமுகத்திலும் ஆயுள் முழுக்க உழைத்த மனிதர்கள் அவர்கள். தங்கள் உழைப்பை ஆராயப்போகிறோம் என்று நினைப்பார்கள்.

அதைவிடப் பெரிய கவலை ‘ஆய்வு’ என்ற சொல். அது மிகவும் மென்மையாக இருக்கிறது. பங்கேற்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சிகிச்சை பலன் தருமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. புராஸ்டேட் புற்றுநோய் வராமல் தடுக்க செலினியமும் வைட்டமின் ஈ-யும் உதவுமா என்று அறிய ‘செலக்ட்’ என்ற பெரிய சோதனையை 2001-இல் அமெரிக்காவில் தொடங்கினார்கள். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் சேர்ந்தார்கள். உதவும் என்று நம்பக் காரணங்களும் இருந்தன. பலன் தெரியாததால் 2008-இல் மாத்திரைகளை நிறுத்தினார்கள். 2011-இல் வெளிவந்த முடிவைப் பாருங்கள்: வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் இந்தப் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதல். கடையில் சாதாரணமாக வாங்கும் வைட்டமின்!

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ‘சரி, சேர்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால்தான் அது சம்மதம். ஆகவே என் ஓட்டு ‘சோதனை’க்கே. அந்தச் சொல் கொஞ்சம் அச்சம் தரும். தரட்டும். பயந்துபோய் நான்கு கேள்வி கேட்கும் நோயாளியே எனக்கு வேண்டும். ‘மருந்துச் சோதனை’ என்று போட்டுவிடலாமே?

அனுப்பியவர்: உறுப்பினர், செங்காங் (பிறந்த ஊர் யாழ்ப்பாணம்)

தாதி அம்மா சொன்ன காரணத்தை முழுமையாக ஏற்கிறேன். ‘மருந்துச் சோதனை’ மட்டும் போதாது. புராஸ்டேட் புற்றுநோயில் சோதிக்கப்படுபவை எல்லாம் மருந்துகள் அல்ல. பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய ‘ஸ்டாம்பீட்’ சோதனையில் ஒரு பிரிவினருக்குப் புராஸ்டேட்டுக்கே கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். நோய் உடலில் குறைவாகப் பரவியிருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 2018-இல் தெரியவந்தது. கதிர்வீச்சை மருந்து என்று எப்படி எழுதுவது?

எங்கள் ஊரில் வைத்தியம் செய்வதைப் ‘பண்டுவம்’ என்பார்கள். மருந்து, அறுவை, கதிர்வீச்சு எல்லாம் அதில் அடங்கும். ‘பண்டுவச் சோதனை’ எனலாம். இங்கே பலருக்குப் புரியாது என்றால் ‘சிகிச்சைச் சோதனை’. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சோதிக்கப்படுவது சிகிச்சை, நோயாளி அல்ல. அந்த மரியாதையைச் சொல்லே கொடுத்துவிடுகிறது.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

சிகிச்சையைச் சோதிப்பது என்ற பொருளில் சொல்கிறீர்கள் என்றால், அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அங்கே வல்லினம் மிகாது: கனி தின்றான், மரம் வெட்டினான். பிறகு அந்தச் ‘ச்’ எங்கிருந்து வந்தது? இரண்டு வடசொற்களை ஒட்டி, சந்தியையும் பிழையாக்கி, அதை அரசு ஏட்டில் அச்சிடுவதா?

அனுப்பியவர்: உறுப்பினர், செங்காங்

ஐயா, நீங்கள் காட்டியவற்றில் வருமொழி வினை. இங்கே இரண்டும் பெயர். ‘சிகிச்சையின் சோதனை’ என்று ஆறாம் வேற்றுமையாக விரியுங்கள்; யானைத் தந்தம் போல மிகும். நான்காம் வேற்றுமையாக விரித்தாலும் மிகும். சந்தியில் தவறில்லை.

‘உழை’ பற்றியும் ஒரு சொல். பரிமேலழகர் உழைச்செல்வானை, மருந்தைப் பிழையில்லாமல் இயற்றுபவன் என்று கொள்கிறார். கட்டிலருகே நிற்பவன் என்ற பொருள் அங்கே அவ்வளவு திடமாக இல்லை. தவிர, உழை என்பது மான். ஏழு சுரங்களில் நான்காவதும் உழைதான். குரல், துத்தம், கைக்கிளை, உழை என்று பாடத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ

இடையில் இன்னொன்று. ‘பிளசீபோ’வுக்கு ‘மருந்துப்போலி’ என்று போட்டிருக்கிறேன். அது நிலைபெற்ற சொல்தானே?

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

நிலைபெற்றது என்பதற்காகச் சரியானது ஆகிவிடாது. இலக்கணத்தில் போலி என்பது என்ன? அறம் ‘அறன்’ ஆகும், நிலம் ‘நிலன்’ ஆகும். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. அதாவது போலி, மூலத்தின் வேலையை அப்படியே செய்யும். பிளசீபோ நேர்மாறு: தோற்றத்தில் மருந்து, வேலையில் ஒன்றும் இல்லை. நன்னூல் படித்தவருக்கு மருந்துப்போலி என்பது மருந்துக்கு ஈடான இன்னொரு மருந்து.

அனுப்பியவர்: புற்றுநோய் ஆய்வுத் தாதி, பீஷான்

நன்னூல் படிக்காதவருக்கோ ‘போலி’ என்றால் ஏமாற்று. போலி மருத்துவர், போலி ஆவணம். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறுகிறது. ‘எனக்குப் போலி கிடைத்தால் சிகிச்சையே இல்லாமல் விட்டுவிடுவீர்களா?’ என்று கேட்கிறார்கள். பல சோதனைகளில் அப்படி இல்லை. 2017-இல் முடிவு வெளியான ‘லாட்டிட்யூட்’ சோதனையில் இரு பிரிவினருக்கும் ஆண் ஹார்மோனை அடக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. அதற்குமேல் ஒரு பிரிவுக்கு அபிரடெரோனும் பிரெட்னிசோனும், இன்னொரு பிரிவுக்கு அவற்றைப் போன்ற வெற்று மாத்திரைகளும் தந்தார்கள். தம்பி, ‘மருந்து சேராத மாத்திரை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வழக்கமான சிகிச்சை தொடருமா, தொடராதா என்று சொல்லிவிடுங்கள். கலைச்சொல்லைவிட அந்த வரி முக்கியம்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ

நன்றி. பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘சிகிச்சைச் சோதனை’ பக்கம் இருக்கிறார்கள். சிலர் களைத்துப்போய் அதை ஏற்றிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ‘சிகிச்சை’ என்பது முதலில் வருவதால், இது நிச்சயம் குணப்படுத்தும் சிகிச்சை என்று படிப்பவர் நினைக்கலாம் என்று ஓர் அன்பர் தனிமடலில் எச்சரித்தார். அது நியாயமான கவலை. எனவே தலைப்புக்குக் கீழே முதல் வரி இது: ‘இந்தச் சிகிச்சை உங்களுக்குப் பயன் தருமா என்பது இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளவே இந்தச் சோதனை. நீங்கள் சேராமல் இருக்கலாம். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.’

‘ரேண்டமைசேஷன்’, அதாவது யார் எந்தப் பிரிவில் சேர்வார் என்பதைத் தற்செயலாக முடிவுசெய்வது, இன்னும் மீதம் இருக்கிறது. ‘குலுக்கல்’ என்று எழுதினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குலுக்கல் நினைவுக்கு வரும், புரிந்துவிடும். ஆட்சேபம் இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

முதல் வரி நன்றாக இருக்கிறது, தம்பி. அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். தலைப்பை நான் ஏற்கவில்லை. புதுச்சொல் எதுவும் முதல் நாளில் புரிவதில்லை. ‘பேருந்து’ம் ‘கணினி’யும் அப்படித்தான் வந்தன. குழுவின் சொற்பட்டியலில் ‘சிகிச்சைச் சோதனை’ என்று பதியும்போது, அதன் எதிரே ‘உழையாய்வு’ என்ற என் பரிந்துரையையும் குறளோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள். குலுக்கலுக்கு ஆட்சேபம் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறை இருக்க நாம் ஏன் வேறு சொல்லைத் தேட வேண்டும்? விரிவாக இரவு எழுதுகிறேன்.